துணிக்கூரைக்கு எதைப் பூசுவது?

வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு டிசம்பர் பிற்பகலில், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மொட்டைத் தளத்துக்கு ஏறிப் போனேன். மழை விட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்துக் கார்களின் கூரைகள் காய்ந்து வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. என் காரின் துணிக்கூரையில் மட்டும், மடிப்பு விழும் இடத்தில், ஈரம் ஒரு தேக்கிலை அளவுக்குக் கருத்துக் கிடந்தது. விரலால் அழுத்தினேன், நகத்தைச் சுற்றி நீர் ஊறி நின்றது. தையலை ஒட்டி ஊசிமுனை அளவுள்ள பச்சைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. முதலில் தூசி என்று நினைத்துத் தேய்த்தேன். விரலில் வழுவழுப்பாக ஒட்டியபோதுதான் பாசி என்று புரிந்தது.

என்னுடையது 2013இல் பதிவான, ‘மினி’ என்ற பெயருள்ள மடக்குக்கூரை கார். பொத்தானை அழுத்தினால் ஏறக்குறைய 15 விநாடிகளில் கூரை பின்னால் மடங்கி அடுக்காக உட்கார்ந்துகொள்ளும். பத்தாண்டு முடிந்ததும் பெரும்பாலோர் செய்வதுபோல் அதைக் கைகழுவாமல், 2023இல் இங்கே கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை மேலும் பத்தாண்டுக்குப் புதுப்பித்தேன். அது அறிவுள்ள காரியமா என்று என் கணவர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆக, இந்தக் கூரை 2033 வரை தாங்கியாக வேண்டும். புதுக்கூரை மாற்றுவதென்றால் சில ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்பதால், இருப்பதைக் காப்பாற்ற எதைப் பூசுவது என்ற கேள்வி எனக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கூரை ஒழுகவில்லை. உள்ளே ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை. இந்த வகைக் கூரைத்துணி பார்ப்பதற்கு ஒற்றைத் துணி போலிருந்தாலும் மூன்று அடுக்குகளை ஒட்டிச் செய்தது. வெளியே இருப்பது நெய்த அக்ரிலிக் துணி. நூலாக இழுப்பதற்கு முன்பே குழம்பிலேயே நிறம் கலந்துவிடுவதால் அது எளிதில் வெளுக்காது. நடுவில் பியூட்டைல் ரப்பர் படலம். உட்புறத்தில் பருத்தியோ பாலியெஸ்டரோ கொண்ட இன்னொரு துணி. நீரை உள்ளே விடாமல் தடுப்பது நடுவிலிருக்கும் அந்த ரப்பர்தான். கடைகளில் புட்டிகளின் மேல் ‘நீர் புகாமல் காக்கும்’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கூரை ஒழுகாமலிருப்பதற்காகவே பூசுகிறோம் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். பூசுவது வெளித்துணிக்காக மட்டுமே. அந்தத் துணி நீரைக் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஈரமாகக் கிடந்தால் தூசி சேறாகி நூலிடுக்கில் தங்கும், பாசி பிடிக்கும், மடிக்கும்போது அந்த மண் நூலை அரைக்கும். ரப்பர் சாவதற்கு முன்பே துணி செத்துவிடும்.

சிங்கப்பூரில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக உறைக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை, அதுவும் ஏறக்குறைய 170 நாட்களில் பரவிப் பெய்வது; காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் பனியும் சாலையில் தூவும் உப்பும் எதிரிகள். இங்கே எதிரி, காயாத ஈரம். அதற்கு அடுத்தது, மொட்டைத் தளத்துக்கு எதிரே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் அந்தி சாயும் நேரத்தில் கூடிக் கூச்சலிடும் மைனாக்கள். அவற்றின் எச்சத்தைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

என் முதல் தவறு, நானாகப் படித்துப் பார்க்காமல் காரைக் கழுவி மெருகேற்றும் ஒரு குரூமிங் கடையில் காரை விட்டது. கூரைக்கும் சேர்த்துக் காப்புப் பூச்சு என்றார்கள். விலையும் அதற்கேற்றபடி இருந்தது. மாலையில் எடுக்கப் போனபோது கூரை புதுச் சேலை போல மினுமினுத்தது. துணிக்கு ஏன் மினுமினுப்பு என்ற ஐயம் அங்கேயே வந்திருக்க வேண்டும். வரவில்லை. பணம் கட்டும் மேசையோரம் நின்ற காலிப் புட்டியை எடுத்துப் பார்த்தேன். அதன் மேல் டயரும் டேஷ்போர்டும் படமாகப் போட்டிருந்தது. அது ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வினைலுக்கும் பூசும் சிலிக்கோன் நெய்ப்பு. இரண்டு வாரம் நீர் முத்து முத்தாக உருண்டது. மூன்றாம் வாரத்தில் கூரை பிசுபிசுத்தது; வீட்டு அலமாரி மேல் படிவதைப் போலத் தூசி ஒரு படலமாகப் படிந்தது. அதன் மேல் மழை பெய்ததும் முன்பைவிட அதிகமாக நீர் ஊறியது. நான் தொடக்கத்தில் சொன்ன தேக்கிலை ஈரம் அதற்குப் பின் வந்ததுதான்.

இந்தக் குழப்பம் அந்தக் கடைக்கு மட்டும் உரியதன்று. மடக்குக்கூரைகளில் இரண்டு குலம் உண்டு. ஒன்று ரெக்சின் போன்ற வினைல். இன்னொன்று என்னுடையதைப் போன்ற நெய்த துணி. வினைலுக்கு வேண்டியது வெயிலில் வெடிக்காமல் அதன் மேற்பரப்பைக் காக்கும் ஒன்று. துணிக்கு வேண்டியது ஒவ்வொரு இழையையும் தனித்தனியே சூழ்ந்துகொண்டு, இழைகளுக்கு நடுவே காற்றுப் போக விடும் ஒன்று. 303 என்ற ஒரே பெயரில், ஒரே அலமாரியில், ‘ஏரோஸ்பேஸ் புரொடெக்டன்ட்’, ‘ஃபேப்ரிக் கார்ட்’ என இரண்டு புட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முன்னது வினைலுக்கும் ரப்பருக்கும், பின்னது துணிக்கு. ராக்டாப் என்ற பெயரிலும் இரண்டும் தனித்தனியாகவே விற்கப்படுகின்றன. உங்கள் கூரை எந்தக் குலம் என்று தெரியாவிட்டால், நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். நூலின் வரிகள் நகத்தில் தட்டுப்பட்டால் துணி.

இந்தக் கதையைப் பெரியப்பாவிடம் புலம்பினேன். அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த இடம் 1968இல் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியபின் அங்கே வேலைக்குச் சேர்ந்து, பல ஆண்டுகள் கித்தான் பிரிவில் உயிர்காப்புப் படகுகளுக்கும் தளச்சரக்குகளுக்கும் உறை தைத்தவர். மின்தூக்கியில் மொட்டைத் தளம்வரை வந்து, கூரையைத் தொடுவதற்கு முன் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, துணி நனையறதுல தப்பே இல்ல. நனைஞ்சது எப்பக் காயுதுன்னு பாரு. அதுதான் கணக்கு. நாங்க மெழுகு காய்ச்சிப் பூசுவோம். அதையே போடு” என்றார்.

முதல் பாதியை அப்படியே ஏற்றுக்கொண்டேன். அதுவரை நீர் முத்தாக உருள்கிறதா என்பதையே அளவுகோலாக வைத்திருந்தேன். எத்தனை நேரத்தில் காய்கிறது என்று பார்க்கத் தோன்றியதில்லை. இரண்டாவது பாதியில்தான் சிக்கல். அவர் தைத்தது பருத்திக் கித்தான். பருத்தி நூல் நனைந்ததும் உப்பும்; உப்பிய நூல்கள் ஒன்றையொன்று நெருக்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும்; அதற்கு மேல் மெழுகும் இருந்தால் கடலலையையே தாங்கும். அக்ரிலிக் நூல் நீரை உறிஞ்சாது, உப்பவும் உப்பாது. நீர் இழைகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய வெளிகளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவே. அதன் மேல் மெழுகு பூசினால் எங்கள் நண்பகல் வெயிலில் உருகி இளகி, நாளுக்கு இரண்டு முறை மடங்கும் இடத்தில் தூசியோடு கலந்து கெட்டியான கறுப்புக் கோடாகிவிடும். இதைச் சொன்னதும் பெரியப்பா, “கப்பல் உறையை நாங்க தினம் மடக்கல, அது சரிதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போய்த் தேநீர் கேட்டார்.

மிஞ்சியவை இரண்டு வகை. ஒன்று சிலிக்கோன் அடிப்படையிலானது. இது நான் முன்பு ஏமாந்த நெய்ப்பு அன்று. துணிக்கென்றே செய்து, காய்ந்ததும் பிசுபிசுக்காத வகை. இன்னொன்று ஃபுளோரோபாலிமர், அதாவது ஃபுளோரின் சேர்ந்த பாலிமர், அடிப்படையிலானது. இவற்றின் வேறுபாட்டைப் பரப்பு இழுவிசையை, அதாவது ஒரு நீர்மத்தின் மேற்பரப்பு பரவாமல் தன்னைத் தானே இழுத்துப் பிடிக்கும் விசையை, கொண்டு விளக்கலாம். நீரின் பரப்பு இழுவிசை மிக அதிகம்; எண்ணெய்களுக்கு அதில் பாதிகூட இல்லை. ஒரு பரப்பு எவ்வளவுக்கு ‘ஒட்டாத்தன்மை’ உடையதோ அவ்வளவுக்கு இழுவிசை குறைந்த நீர்மங்களையும் அது விலக்கும். சிலிக்கோன் நீரை விலக்கும், எண்ணெயிடம் தோற்றுவிடும். ஃபுளோரோபாலிமர் இரண்டையும் விலக்கும். நம் ஊர்த் தாமரை இலை இந்த வேலையை வேறு வழியில் செய்கிறது: இலைமேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் சேர்ந்து நீரைத் தாங்கிப் பிடிப்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் விரிவாக விளக்கினார். பட்டும் படாமல் இருப்பவரைத் ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று சொல்லிவரும் நமக்கு அது புதுச் செய்தியாக இருந்திராது.

ஃபுளோரின் சேர்மங்களின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தக் குடும்பத்துப் பொருட்கள் மண்ணிலும் நீரிலும் மட்காமல் தங்குபவை. துணிக்காப்புக்குப் பேர்போன ஸ்காட்ச்கார்டில் பயன்பட்டுவந்த பழைய நீள்சங்கிலிச் சேர்மத்தை (கார்பன் அணுக்கள் நீளமாகக் கோத்தது) கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2000ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. 2009இல் அந்தச் சேர்மம், மட்காத மாசுகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் ஏறியது. பிறகு குறுஞ்சங்கிலி வகைகள் வந்தன. இப்போது ஃபுளோரினே இல்லாத வகைகள் வருகின்றன. எனவே நான் வாங்கிய புட்டியின் பெயரை எழுதுவதில் பயனில்லை: பெயர் அதுவாகவே இருக்கும், உள்ளிருக்கும் சரக்கு மாறிவிடும். புட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளைத் தேடிப் படியுங்கள். எந்தத் துணிக்கு, எந்த அடிப்படை, எந்தக் கரைப்பான் என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

படித்தது போதவில்லை, கண்ணால் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. காக்கி புக்கிட்டில் இருக்கை உறை தைக்கும் ஒரு கடையில், கழற்றிப் போட்ட பழைய கூரைத்துணியில் கையளவு துண்டுகள் நான்கு வாங்கினேன். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டு, இதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் கேட்டார். நான்கையும் நன்றாக அலசிக் காயவைத்து, ஒன்றைச் சும்மா விட்டு, மற்ற மூன்றுக்கும் மெழுகு, சிலிக்கோன், ஃபுளோரோபாலிமர் எனப் பூசினேன். மெழுகு பெரியப்பாவின் மனம் நோகாமலிருக்க. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால்தேநீர்), ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்.

பூசாத துணியில் மூன்றும் மறைந்தன. மெழுகில் நீர் நின்றது, துணி அட்டைபோல் விறைத்தது. சிலிக்கோனில் நீர் அழகாக உருண்டது; தே தாரிக் சற்றுத் தயங்கிவிட்டுப் படிந்தது, அதிலிருக்கும் பால்கொழுப்பின் வேலையாக இருக்கலாம்; தேங்காய் எண்ணெய் இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. ஃபுளோரோபாலிமர் துண்டில் எண்ணெய்ச் சொட்டு தட்டையாகிக்கூடப் போகாமல் குமிழாகவே நின்றது. பிறகு நான்கையும் தாழ்வாரத்துக் கம்பியில் துணி காயப்போடும் கிளிப்பில் மாட்டி, வெயிலுக்கும் சாரலுக்கும் விட்டுவிட்டேன். எதிர்வீட்டு அம்மா இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்துச் சிலிக்கோன் துண்டில் நீர் பரவத் தொடங்கியிருந்தது. ஃபுளோரோபாலிமர் துண்டில் இன்னும் உருண்டது. பேருந்துப் புகையும் மரப்பிசினும் பறவை எச்சமும் படியும் இடத்தில் எண்ணெயையும் விலக்குவது வீண்செலவன்று என்று முடிவுசெய்து, குறுஞ்சங்கிலி ஃபுளோரோபாலிமரையே எடுத்தேன். மனம் முழுதாக ஒப்பியது என்று சொல்லமாட்டேன். கார் எப்போதும் கூரையுள்ள கீழ்த்தளத்தில் நிற்குமானால் சிலிக்கோனே போதும் என்றும், அவ்வாறு நிற்கும் காருக்கு எந்தப் பூச்சும் அவசரமில்லை என்றும் இப்போது நினைக்கிறேன். நான் வேலை முடிந்து வருவதற்குள் கீழ்த்தளங்கள் நிரம்பிவிடுகின்றன.

பூச்சைவிடக் கழுவுவதில்தான் எனக்கு நேரம் பிடித்தது. பூச்சு தேய்ந்துவிட்டதாகத் தோன்றும் கூரைகளில் பல, உண்மையில் அழுக்கேறியவைதான். இழைமேல் படிந்த அழுக்கே நீரை இழுக்கும். நன்றாகக் கழுவி வெயிலில் காயவிட்டாலே பழைய பூச்சு மீண்டும் வேலை செய்வதுண்டு, ஃபுளோரோபாலிமர் வகை வெப்பம் பட்டால் ஓரளவு உயிர்பெறும் என்பதால். ஆகவே கழுவாமல் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள், எதையும் வாங்காதீர்கள். என் கூரையில் பழைய நெய்ப்பும் இருந்ததால், துணிக்கூரைக்கான சோப்புநீரை மென்மையான தூரிகையால் நெசவின் போக்கிலேயே தேய்த்து, மூன்று வார இறுதிகளில் மூன்று முறை கழுவினேன். முதல்முறை வடிந்த நீர் கடுங்காப்பி நிறம். துணி துவைக்கும் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் ஆகா. அவற்றின் எச்சம் இழையில் தங்கி, அதன்மேல் எது பூசினாலும் நீரை உள்ளே அழைத்துவரும். பாசிக்குக் குளோரின் போட்டு வெளுக்கச் சொல்வார்கள்; தையல்நூலையும் ஓரத்து ரப்பரையும் எண்ணி நான் தொடவில்லை, தூரிகையும் பொறுமையும் போதுமாயின. உயரழுத்த நீர்ப்பீச்சியைத் தையலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. நுரை நின்ற பிறகும் இரண்டு வாளி நீர் கூடுதலாக ஊற்றி அலசினேன்.

பூசும் நாளைப் பிப்ரவரிக்கு ஒதுக்கினேன். இங்கே சராசரியாக மழை மிகக் குறைந்த மாதம் அதுதான். நெருங்கிய நண்பர் ஒருவர் செம்பவாங்கில் தரைவீட்டில் இருக்கிறார். பக்கத்தில் வேறு கார் நிற்காத, காற்றோடும் அவருடைய முற்றத்தைக் கேட்டு வாங்கினேன். இந்தத் தெளிப்பான்களின் நுண்துளியை மூச்சில் இழுத்து நுரையீரல் பாதிப்புக்கு உள்ளானவர்கள் உண்டு. பலமாடிக் கட்டடத்தின் மூடிய தளத்தில் தெளிப்பது நமக்கும் கேடு, பக்கத்துக் காரின் கண்ணாடிக்கும் கேடு. கண்ணாடியிலும் வண்ணப்பூச்சிலும் பட்டுக் காய்ந்தால் மங்கல் கறையாகிவிடும். கூரையின் ஓரம் முழுவதும் ஒட்டுத்தாள் ஒட்டி, கீழே பிளாஸ்டிக் விரிப்புத் தொங்கவிட்டேன். முகமூடி போட்டுக்கொண்டு ஒரு சிறு கிண்ணத்தில் மருந்தை ஊற்றி, பெயின்ட் தூரிகையால் மெல்லிய பூச்சாக இரண்டு முறை, தையலில் மட்டும் மூன்று முறை பூசினேன். நேரடி வெயிலில் கொதிக்கும் துணியில் பூசினால் கரைப்பான் சட்டென ஆவியாகித் திட்டுத் திட்டாகும்; அதனால் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிட்டு, பிறகு வெயிலில் காயவிட்டேன். அன்றிரவு கார் அவர் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றது.

வெயிலைப் பற்றி ஒரு சொல்: துணிக்கான நீர்விலக்கிகளில் பல, வெயிலைத் தடுப்பதற்காகச் செய்தவை அல்ல. அக்ரிலிக் தாங்கும், தையல்நூல்தான் முதலில் நைந்துபோகும். வெயிலுக்கு நிழல்தான் மருந்து. காரைப் போர்த்தும் உறை வாங்கலாமே என்பார்கள். ஈரக்கூரையின் மேல் உறை போட்டால் புழுக்கத்தில் பாசிக்குத் தொட்டில் கட்டிய மாதிரிதான்.

மைனா எச்சத்துக்கு வருகிறேன். கண்டதும் துடைக்கக் கூடாது; தேய்த்தால் அதிலுள்ள மணல்போன்ற பொடி நெசவுக்குள் இறங்கிவிடும். ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டுவைத்து, இளகியதும் ஒற்றி எடுத்தால் பூசிய கூரையில் தடமே இருப்பதில்லை. நனைந்த கூரையை மடக்கி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

மார்ச்சில் பெரியப்பா மீண்டும் வந்தார். ஒரு மணி நேரம் கொட்டிய மழை அப்போதுதான் நின்றிருந்தது. நான் கைபேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நாற்பது நிமிடத்தில் மடிப்பு உட்படக் கூரை முழுதும் காய்ந்துவிட்டது. பெருமையாக அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்க்கவில்லை. பின்கண்ணாடியின் மூலையில் குனிந்து, நைந்து பிரிந்திருந்த இரண்டு அங்குலத் தையலை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார்.

“இதுக்கு எந்தப் புட்டிம்மா?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய தகர டப்பாவை எடுத்தார். வளைந்த ஊசி, தடித்த பாலியெஸ்டர் நூல், பழுப்பேறிய தேன்மெழுகுக் கட்டி ஒன்று. நூலை மெழுகின் மேல் மூன்று முறை இழுத்துவிட்டு, புதுத்துளை போடாமல் பழைய துளைகளிலேயே ஊசியை நுழைத்துத் தைக்கத் தொடங்கினார். “மெழுகு ஆகாதுன்னியே” என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார். நான் அவர் பக்கத்தில் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.